மீகோ கொட்டாவி விட்ட நாள்

லூ ஷுன்-தியென் என்று ஒருவர் இருப்பதே அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. வாசல் காவலாளி முதல் தலைமையாசிரியர் வரைக்கும் அவர் ‘மீகோ அப்பா’தான். பிள்ளைகளுக்காக நாயைக் கூட்டிக்கொண்டு வருகிற எல்லோருக்கும் இதே கதிதான். நாயின் பெயரோடு ஓர் அப்பாவையோ அம்மாவையோ ஒட்டி முடித்துவிடுவார்கள். தைவானில் ஜியாயி நகரப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓட்டிய காலத்தில் பயணிகள் அவரைக் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. அதற்கு ஒரு நாயின் அப்பா என்பது எவ்வளவோ தேவலை. மனிதருக்கு அதில் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மீகோ, பணிமனையில் அவருடைய வண்டிக்கு அடியில் மழைக்கு ஒண்டியிருந்த குட்டி. ஒட்டரிசிச் சோற்றின் பழுப்பு நிறம். அதனால்தான் அந்தச் சோற்றின் பெயரையே வைத்தார். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். பள்ளிகளுக்கு நாய்களை அனுப்பும் சங்கம் வைத்த, உயர்ந்த ஜாதி நாய்களெல்லாம் கோட்டைவிட்ட தேர்வில் மீகோ முதல் தடவையே தேறியது என்பதை, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அவர் சொல்லியிருக்கிறார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. சும்மா படுத்திருக்க வேண்டும். புதன்கிழமை தோறும் பள்ளி நூலகத்தில் பாய் விரிப்பார்கள், மீகோ அதில் படுத்துக்கொள்ளும். வாசிக்கத் திணறுகிற பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை வாசித்துக் காட்டும். தப்பாக வாசித்தால் நாய் திருத்தாது. திக்கினால் சிரிக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படி வாசிக்கிறது பார் என்று குத்திக்காட்டாது. பெற்றவர்களும் ஆசிரியர்களும் தலைகீழாக நின்றாலும் முடியாத காரியத்தை மீகோ படுத்துக்கொண்டே செய்தது.

இந்த வேலை அதற்குப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் கூட்டிப்போவார். கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. சங்கம் கொடுத்த நீலத் துண்டை வளையமாக முடிந்து நாயின் முன்னால் பிடிக்க வேண்டும். நாய் தானாகத் தலையை உள்ளே விட்டால் சம்மதம் என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு விடுப்பு, மறுபேச்சு கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஷுன்-தியென் தானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை ஓர் அம்மாள் கருவாட்டுத் துண்டைக் காட்டிக் காட்டித் தன்னுடைய சுருட்டை முடி நாய்க்குத் துண்டை மாட்டப் பார்த்தாள்.

“என்ன, சந்தையில பேரம் பேசறீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். “அவன் வேணாங்கறான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த அம்மாள் முகம் சிவந்து போனாள். அவருக்கோ அந்தத் திருப்தியில் அன்று முழுக்க நல்ல பசி எடுத்தது.

பிள்ளைகளுக்கும் முதல் நாளிலேயே பாடம் நடத்திவிடுவார். நாய்க்கு வாயில்லை என்பது சுத்தப் பொய், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், மூக்கை நக்கினால், முகத்தைத் திருப்பினால், ‘எனக்குப் போதும்’ என்று அது சொல்கிறது என்பார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் கணக்கு வகுப்பில் மொத்தப் பிள்ளைகளும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்ததாகப் புகார் வந்தது.

நிங்-நிங் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவள் பேசமாட்டாள். திக்குவாயும் இல்லை, காதுக் கோளாறும் இல்லை. அவளுடைய அம்மா தெருமுனையில் காலைப் பலகாரக் கடை வைத்திருந்தாள். அங்கே கிளிப்பிள்ளை மாதிரி பேசுகிறாளாம். பள்ளி வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். மழலையர் வகுப்பிலிருந்தே இப்படித்தான். வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவாள், மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டுவாள். பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைப் பார்த்துக்கொள்கிற தெங் டீச்சர்தான் அவளை மீகோவிடம் அனுப்பினாள்.

முதல் புதன்கிழமையே அவள் பாயில் குப்புறப் படுத்து, மீகோவின் மடிந்த காதைத் தூக்கி அதற்குள் வாயை வைத்து எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. காது மட்டும் துடித்தது. பிறகு வாராவாரம் அப்படித்தான். ஷுன்-தியென் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கிசுகிசுப்பு அவருக்குக் காதில் விழாது. ஆனாலும் அந்த நேரத்தை வாரம் முழுக்க எதிர்பார்த்திருந்தார்.

வசந்த காலத்தில் தெங் டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். நிங்-நிங் கொஞ்சம் சத்தமாக வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறாள். மீகோவுக்குத்தான் வாசிப்பாள், ஆனால் அம்மா புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். அதற்கும் தலையாட்டிவிட்டாளாம்.

“அவங்கம்மா கடையையே அன்னைக்கு மூடறாங்க மீகோ அப்பா,” என்றாள் டீச்சர். “ஸ்கூலுக்குள்ள பொண்ணு குரலை அவங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. புதன்கிழமை நீங்க கட்டாயம் வந்துடுங்க.”

“நான் என்னைக்கு வராம இருந்தேன்?” என்றார் அவர்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் மாட்ஸு அம்மனின் பல்லக்கு அவர்கள் தெரு வழியாக வந்தது. பல்லக்கு வரும் பாதையில் வீடு இருந்து, வாசலில் சரவெடி போடாமல் ஒருவன் இருக்க முடியுமா? ஷுன்-தியென்னின் மனைவி ஷியூ-யே காலையிலேயே சொன்னாள்.

“நாயை எங்க அக்கா வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வா. மலைப்பக்கம் அமைதியா இருக்கும்.”

“அங்க போயிட்டு வர்றதுக்குள்ள அம்மன் வந்துடுவா. குளியலறையில விட்டு டிவிய சத்தமா வெச்சா போதும்.”

“அம்மனுக்கு வழி தெரியும். நீ இல்லாட்டி திரும்பிப் போயிடமாட்டா.”

அவர் கேட்கவில்லை. மேசை போட்டுப் பழம் வைத்து ஊதுவத்தி ஏற்றினார். பல்லக்கு வந்தபோது அக்கம்பக்கத்து வெடிகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு சரம் கொளுத்தினார். தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தால், மீகோ குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. இழுத்தாலும் வரவில்லை. அன்று அது சோற்றைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை நீலத் துண்டை வளையமாக முடிந்து அதன் முன்னால் பிடித்தார். மீகோ துண்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடித்தார். மறுபடியும் திருப்பிக்கொண்டது.

அவர் மனசுக்குள் நிங்-நிங்கின் அம்மா கடை மூடிய பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். தெங் டீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண் எத்தனை நாள் தைரியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாளோ, இன்றைக்கு நாய் வரவில்லை என்றால் மறுபடி சேர்ப்பாளா? இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான், யாரும் குறை சொல்ல முடியாது. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் என்னைக்கு வராம இருந்தேன் என்று சொன்ன வாய் அவருடையது.

மீகோவின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் துண்டைத் தலைவழியே இழுத்து மாட்டினார். நாய் எதிர்க்கவில்லை. காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றது.

சமையலறை வாசலில் நின்ற ஷியூ-யே எல்லாவற்றையும் பார்த்தாள். “அது வேணாங்குது. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றாள்.

“ஒரு மணி நேரம். அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நூலகத்தில் எல்லாம் தயாராக இருந்தது. அம்மா அலமாரிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய ரப்பர் செருப்பின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நிங்-நிங் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். குளத்தைத் தேடிப் போகிற தவளையின் கதை.

அவள் வாசித்தாள். குரல் நூலளவு இருந்தது, உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வந்தது. அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காத குரல். அலமாரிக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தெங் டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷுன்-தியென் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தபோது மீகோவைப் பார்த்தார்.

மீகோ வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. உடம்பு விறைத்திருந்தது. மூக்கை நக்கியது. தலையைப் பெண்ணிடமிருந்து அப்பால் திருப்பியது, மறுபடியும் கொட்டாவி விட்டது.

நிங்-நிங் நிறுத்தினாள். நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் சில பக்கங்கள்தான் இருந்தன. அவர் சிரித்துத் தலையசைத்தார், மேலே வாசி என்கிற மாதிரி. அவள் வாசித்தாள்.

மதியச் சாப்பாட்டு வாளிகள் தாழ்வாரத்தில் போகிற நேரம் அது. ஏதோ வகுப்புப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போன சூப்பு வாளியின் இரும்பு மூடி, நூலக வாசலுக்கு நேரே தரையில் விழுந்து அதிர்ந்தது. மீகோ ஒரே துள்ளாகத் துள்ளி எழுந்தது. பல் தெரிய உறுமி, தனக்குப் பக்கத்தில் இருந்ததைக் கவ்வியது. பக்கத்தில் இருந்தது நிங்-நிங்கின் கை.

அவர் கயிற்றை இழுத்துவிட்டார். சட்டைக் கையின் ஓரம்தான் கிழிந்தது, தோலில் கீறல்கூட இல்லை. இருந்தாலும் அந்த உறுமல் அறையிலேயே நின்றது. அம்மா அலமாரியைச் சுற்றி ஓடிவந்து பெண்ணின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிங்-நிங் அழவில்லை. மூலையில் ஒடுங்கி நின்ற மீகோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெங் டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டாள். நல்ல மனசுக்காரி, குரலில் கோபமே இல்லை. “கண்ணு, தெரியாம மீகோ காதைப் புடிச்சு இழுத்துட்டியா? யாரும் திட்டமாட்டோம். தலையாட்டினா போதும்.”

நிங்-நிங் தலையாட்டினாள்.

ஷுன்-தியென் அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். காதை அவள் தொடவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்திருந்தாள். வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அவனுக்கு வலிச்சிருக்கும்ல? மீகோ அப்பாகிட்ட மன்னிப்பு கேளு.”

அந்தப் பெண் கிழிந்த சட்டைக் கையோடு அவர் முன்னால் வந்து, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பு மடிய வணங்கினாள்.

“பரவால்ல பாப்பா,” என்றார் ஷுன்-தியென்.

சொல்லிவிட்டார். நாக்கு அவருடையதுதான், ஆனால் எப்படிச் சொன்னோம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கே விளங்கவில்லை. மீகோ அவருக்குப் பின்னால் கயிறு தளர நடந்து வந்தது.

மறுநாள் சங்கத்திலிருந்து சியாங் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அவரைவிட வயதில் சின்னவள்தான், இருந்தாலும் சங்கத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா.

“குழந்தை காதை இழுத்துட்டதா டீச்சர் சொன்னாங்க. அப்படின்னா மீகோ மேல பெரிய தப்பில்ல, மறுதேர்வு ஒண்ணு வெச்சா போதும். காலையில துண்டெல்லாம் ஒழுங்காத்தானே போட்டுக்கிட்டான்?”

“போட்டுக்கிட்டான்,” என்றார்.

“நீங்க இருக்கறப்ப நான் இதெல்லாம் கேக்கறதே தப்பு,” என்று சிரித்து, தொலைபேசியை வைத்துவிட்டாள்.

திரும்பினால் ஷியூ-யே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “அவனாவா போட்டுக்கிட்டான்?” என்றாள்.

“அந்தப் பொண்ணே தலையாட்டிடுச்சு. எல்லாருக்கும் முடிஞ்சுபோன விஷயம். நான் சொன்னா மீகோவை நிறுத்திடுவாங்க. அவன் என்ன பாவம் செஞ்சான்?”

“அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சது? அதுக்குப் பேச வராதுன்னு தெரிஞ்சுதானே அது தலையில கட்டிட்டு வந்த.”

“கட்டலை. சும்மா இருந்தேன்.”

“ரொம்ப வித்தியாசம்,” என்று கீரைத்தண்டைப் பட்டென்று ஒடித்தாள்.

சில நாள் அவர் மனசைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். குழந்தைகள் மறந்துவிடும். தழும்புகூட விழவில்லை. மறுதேர்வில் மீகோ தேறிவிடும், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். காலையும் மாலையும் நாயைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார், வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி போட்டார். மீகோ தின்றது. அதற்கு அவர் மேல் கோபம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் குத்தியது.

பிறகு தெங் டீச்சர் கூப்பிட்டாள்.

“மறுதேர்வு எப்பன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் மீகோ அப்பா. நிங்-நிங் சரியில்ல. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கறா. எழுதச் சொன்னா எடுப்பா, எழுதினதும் திரும்பவும் உள்ள போயிடும். கடைக்கு ஒரு பூனை வரும் போலிருக்கு, அதையும் இப்பத் தொடறதில்லையாம். அவங்கம்மா கேட்டா, என் கை கெட்ட கைன்னு சொல்றாளாம்.”

ஷுன்-தியென் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றார்.

“டீச்சர்,” என்றார். “அவ காதை இழுக்கலை.”

“என்னது?”

“தொடவே இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மீகோ அன்னைக்கு வரமாட்டேன்னான். நான்தான் துண்டைத் தலையில மாட்டி இழுத்துட்டு வந்தேன்.”

தெங் டீச்சர், “நான்தான் அவளைத் தலையாட்ட வெச்சேன்,” என்றாள். குரல் கம்மியிருந்தது.

சியாங் அக்காவிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“விதி என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“உனக்கே நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.”

“அதனாலதான் எனக்கு வாய் வரல,” என்றாள் அவள். “மீகோவோட வேலை இதோட முடிஞ்சுது. பயந்து கடிச்சவனை மறுபடி குழந்தைங்ககிட்ட விட முடியாது. உங்க வேலையும்தான், அண்ணா. துண்டைத் தபால்ல அனுப்பிடுங்க, நேர்ல வர வேணாம்.”

நேரில் வர வேண்டாம் என்று அவள் சொன்னது அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான். அது புரிந்தபோது அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. இனிமேல் அவர் மீகோ அப்பா இல்லை. யாரோ ஒரு கிழவர், நாய் வளர்க்கிறவர்.

“பொண்ணுகிட்ட டீச்சர் சொல்லிடுவாங்களாம்,” என்றார் ஷியூ-யேவிடம்.

“வணக்கத்தை வாங்கிக்கிட்டது டீச்சரா, நீயா?” என்றாள் அவள்.

கடைக்கு முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போனார். சனிக்கிழமை, கூட்டம் குறைகிற நேரத்தில் வரச் சொல்லியிருந்தாள் நிங்-நிங்கின் அம்மா. என்ன விஷயம் என்று டீச்சர் அவளிடம் சொல்லிவிட்டிருந்தாள். மீகோவின் கழுத்தில் துண்டு இல்லை, வெறும் பட்டைதான். தெருமுனை வரை கயிற்றைத் தளர்த்தியே பிடித்திருந்தார். திரும்பிப் போக நினைத்தால் போகட்டும் என்று இருந்தார். மீகோ முட்டை வாசனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது.

தைவான் முழுக்கக் காலைக்கடை நடத்துகிற பெண்களுக்கு வாசலில் வந்து நிற்கிற ஆண்கள் எல்லோரும் அழகர்கள்தான், எண்பது வயதுக் கிழவராக இருந்தாலும். அவளும் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாங்க அழகரே, முட்டை ரொட்டியா, முள்ளங்கி அடையா?” என்றாள். பிறகு நிமிர்ந்து யாரென்று பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“உள்ள இருக்கா,” என்றாள். “அவளை நான் மன்னிப்பு கேக்க வெச்சேன். அத நெனச்சு எனக்குத் தூக்கமே வரல, தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்,” என்றார்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. “அம்மா, மூணாம் மேசை மாமா மிளகாய்ச் சாறு முழுசையும் ஊத்திட்டாரு. நாக்கு வெந்துதான் போகப்போகுது.” துடுக்கான, தெளிவான குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி கையில் துணியோடு வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டது. மீகோவைக் கண்டதும் துணியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

மீகோ மேசைகளுக்கு அடியில் புகுந்து, கீழே கிடந்த ரொட்டித் துணுக்கை நக்கித் தீர்த்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் அவளிடம் போய் அவள் காலடியில் படுத்துக்கொண்டது. அவள் அசையவில்லை, கைகள் பின்னாலேயே இருந்தன.

ஷுன்-தியென் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

“நிங்-நிங், நீ அவன் காதை இழுக்கலை. உன் கை ஒண்ணும் செய்யல. அன்னைக்கு அவன் வரமாட்டேன்னு சொன்னான், நான்தான் வலுக்கட்டாயமா கூட்டிட்டு வந்தேன். நீ என்கிட்ட மன்னிப்பு கேட்டப்ப அத நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு முழுக்க என்னோடது.”

முக்காலியிலிருந்து எழுந்து, அவள் அன்றைக்குச் செய்த மாதிரியே கைகளைத் தொடையோடு வைத்து இடுப்பு மடிய வணங்கினார். மூன்றாம் மேசைக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணின் கண் நிரம்பியிருந்தது. அது அழுகை இல்லை என்பது அடுத்த நொடி தெரிந்தது. கோபம். உதடு இரண்டு தடவை சும்மா அசைந்தது. மூன்றாம் தடவை குரல் வந்தது.

“கொட்டாவி விட்டுச்சு.”

அவர் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.

“மூக்கையும் நக்குச்சு. நான் பாத்தேன். எனக்குத் தெரியும், நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. அம்மா பின்னாடி உக்காந்திருந்தாங்க, அதான் நான் மறுபடி வாசிச்சேன், அது என் தப்பு. அதுக்குத்தான் தலையாட்டினேன். காதுக்கு இல்ல.” வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. “நீங்களும் பாத்தீங்க.”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல? நீங்கதான் எல்லார்கிட்டயும் பேசுவீங்களே. உங்களுக்குத்தான் பேச வருமே.”

இருந்த காரணங்களையெல்லாம் அவர் ஒரு சுற்று தேடிப்பார்த்தார். மீகோவுக்காக, உனக்காக, உன் அம்மாவுக்காக. ஒன்றையும் இந்த முகத்தின் முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

“பயமா இருந்துச்சும்மா,” என்றார். “வாய் வரைக்கும் வந்துச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. வெளிய வரல.”

கல்லில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. “தாயே, என் ரெண்டாவது ரொட்டி,” என்று மூன்றாம் மேசைக்காரர் முனகினார். அம்மா திரும்பவில்லை. தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிங்-நிங்கின் முகத்தில் கோபம் மெல்ல இறங்கியது. அவர் சொன்னதை அவள் யோசித்தாள். வீட்டில் அம்மாவும், பள்ளிக்கூடத்தில் டீச்சர்களும், ஆஸ்பத்திரியில் டாக்டரும் எத்தனையோ விதமாக அவளிடம் கேட்டுப் பார்த்து, பதிலே வராத ஒரு கேள்வி இருந்தது. இப்போது யாரும் அதைக் கேட்கவில்லை.

“ஸ்கூல்ல எனக்கும் அப்படித்தான் இருக்கும்,” என்றாள் அவரிடம். “தினமும்.”